ஹெர்குலிஸ் மகளுக்கு 365 கிராமம்

ஒரு வசூல் திட்டம் சொல்கிறேன், கேளுங்கள்.

ராஜ்ஜியத்தில் மொத்தம் 365 கிராமம். நாளைக்கு ஒரு கிராமம் என்று முறை. இன்றைக்கு எந்த ஊர் முறையோ அந்த ஊர்க்காரர்கள் வரியைக் கொண்டுவந்து அரண்மனையில் கட்டிவிட வேண்டும். ஏற்கெனவே முறை வந்தும் கட்டாமல் டிமிக்கி கொடுத்த ஊர் ஏதாவது இருந்தால், இன்றைக்கு வந்திருக்கிற ஆட்களே ராணிக்குத் துணையாக நின்று அவர்களிடம் கறந்து தரவேண்டும். ரிகவரிக்கு என்று தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. கஜானாவில் வருஷம் பூராவும் தினமும் வரவு. (லீப் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கேஷ் கவுண்டர் காலி போலிருக்கிறது :-))

இருபது வருஷத்துக்கு மேல் கடன் கொடுப்பதும் அதைத் திரும்ப வாங்குவதுமாகக் காலம் தள்ளுகிறவன் என்பதால் சொல்கிறேன், இது லேசுப்பட்ட மூளை இல்லை. மைக்ரோ ஃபைனான்ஸில் ஐந்து பேர், பத்து பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்பில் கடன் வாங்குகிறார்களே, ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்களே, அதே சூத்திரம்தான்.

இந்தத் திட்டத்தைப் போட்டது யார் என்கிறீர்கள்? கிரேக்கப் புராணத்து ஹெர்குலிஸ். யாருக்காக? தன் மகளுக்காக. மகள் பெயர் பாண்டையா. அவளுக்குக் கொடுத்த நாடு, இந்தியாவின் தெற்கே கடல்வரை உள்ள பகுதி.

இதை எழுதி வைத்தவர் பொலியேனஸ் என்கிற கிரேக்க எழுத்தாளர். கி.பி. 2ம் நூற்றாண்டு. போர்த் தந்திரங்களைத் தொகுத்து ரோமானியச் சக்கரவர்த்திகளுக்குச் சமர்ப்பணம் செய்த புத்தகத்தில் இது ஒரு சின்னப் பத்தி, அவ்வளவுதான்.

இப்போது இதை எதற்கு எடுத்தேன் என்றால், ஊர்க்காரர்கள் இருக்கும் ஒரு வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒரு ஃபார்வேர்டு வந்தது. ஹெர்குலிஸ் மதுரைக்கு வந்தான், அவன் மகள்தான் நம் மீனாட்சி, கிரேக்கர்களே ஒப்புக்கொண்ட உண்மை, தமிழனாக இருந்தால் பகிரவும். உடனே இன்னொருத்தர், எல்லாம் சுத்தக் கப்ஸா, ஹெர்குலிஸ் என்று ஒருத்தன் இருந்ததே இல்லை, ஆளை விடுங்கள் என்று ஒரே போடு. நான் ரெண்டு பேருக்கும் பதில் போடவில்லை. வாட்ஸப்பில் எழுதி யாரைத் திருத்த முடியும்? ஆனால் ரெண்டு பேருமே நல்ல சரக்கைக் கீழே கொட்டுகிறார்களே என்று மனசு கேட்கவில்லை. அதனால் இங்கே.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். எங்கள் ஊர்ப்பக்கம் ஹெர்குலிஸ் என்றால் அம்பத்தூரில் செய்த சைக்கிள்தான். கேரியரில் ரெண்டு நெல்மூட்டை ஏற்றினாலும் அசையாது என்பார்கள். அந்தப் பெயர் வைத்தவன் விஷயம் தெரிந்துதான் வைத்திருக்கிறான். கிரேக்கக் கதையில் ஜீயஸ் கடவுளுக்கும் மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவன் ஹெராக்ளிஸ். ரோமானியர் வாயில் ஹெர்குலிஸ் ஆனான். புத்தி பேதலித்துப் பெற்ற பிள்ளைகளையே கொன்றுவிட்டு, அந்தப் பாவம் தீர ஒரு ராஜாவுக்கு அடிமைபோல வேலை செய்து 12 சாகசங்களை முடித்தவன். சிங்கத்தைக் கொன்று தோலைப் போர்த்திக்கொண்டான். கையில் கதை. ஊர் ஊராகச் சுற்றுவது, அங்கே மக்களுக்குத் தொல்லை கொடுக்கும் மிருகத்தையோ அரக்கனையோ கொல்வது, வயிறு முட்டச் சாப்பிடுவது, அடுத்த ஊர். இதுதான் அவன் பிழைப்பு.

படிக்கும்போதே பீமன் ஞாபகம் வருகிறது இல்லையா?

எனக்குச் சொந்த ஊர் தடா. சென்னையிலிருந்து கூடூர் லைனில் கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திராவுக்குள் முதல் ஸ்டேஷன். கிழக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே போனால் உப்பலமடுகு அருவி. (சென்னைப் பையன்களுக்கு அது 'தடா ஃபால்ஸ்'.) ரொம்ப நாள் நெல்லூர் மாவட்டம், 2022லிருந்து திருப்பதி மாவட்டம். ஹைவேயில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் செக்போஸ்ட் ஊரின் பெயர் பீமுனிவாரிபாலெம். பீமுடு என்று பெயர் வைத்த மனிதர்கள் அந்தப் பக்கம் எத்தனையோ பேர், அது மகாபாரத பீமன்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் சித்தூர்ப் பக்கமும் வட தமிழ்நாட்டிலும் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும், பகாசுரன் வதத்தன்று பீமன் வேஷக்காரர் சோற்று வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். அவன் நம்ம ஊர்த் தெருவில் நடந்தவன்தான் என்று பார்க்கிற ஜனத்துக்குச் சந்தேகமே கிடையாது.

மாமல்லபுரத்தில் பீமரதம், அர்ச்சுனரதம், திரௌபதிரதம். 7ம் நூற்றாண்டுப் பல்லவன் வேலை அது. பாண்டவர்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெருங்கற்காலத்துப் புதைகுழிகளைப் பார்த்தால் பாண்டுக்குழி என்கிறோம். யார் செய்தது என்று தெரியாத பெரிய காரியம் எதைப் பார்த்தாலும் ஊர் சுற்றிய ஐந்து அண்ணன் தம்பிகள் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். சஸ்பென்ஸ் அக்கவுண்ட் மாதிரி.

கிரேக்கர்களும் அச்சு அசலாக இதையேதான் செய்தார்கள். கி.மு. 326ல் அலெக்சாண்டர் சிந்துவுக்கு அந்தண்டை ஆர்னோஸ் என்ற மலைக்கோட்டையைப் பிடிக்கிறான். ஹெர்குலிஸாலேயே பிடிக்க முடியாத பாறை இது என்று உடனே ஒரு கதை. சிபே என்று ஒரு கூட்டம் தோல் உடுத்தி, கையில் தடி வைத்து, மாட்டுக்குத் தடி உருவத்தில் சூடு போட்டிருந்தார்களாம். போதாதா? ஹெர்குலிஸ் சேனையில் பின்தங்கியவர்களின் வம்சம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அலெக்சாண்டர் குடும்பமே ஹெர்குலிஸ் வம்சம் என்று சொல்லிக்கொண்ட குடும்பம். முதலாளியின் முப்பாட்டன் தோற்ற இடத்தில் முதலாளி ஜெயித்தார் என்றால் கேட்க எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும்! எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் கி.மு. 3ம் நூற்றாண்டிலேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார். எல்லாம் அலெக்சாண்டரைக் குளிர்விக்கக் கட்டிய கதை என்று. ஆக, கப்ஸா என்று சொன்ன நண்பர் 2200 வருஷம் லேட்.

அப்படியானால் பாண்டையா கதையும் ஜால்ரா சத்தம்தானா? இங்கேதான் விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது.

அலெக்சாண்டரின் ஆட்கள் தெற்கே வரவே இல்லை. பஞ்சாபில் பியாஸ் நதிக்கரையோடு திரும்பிவிட்டார்கள். பாண்டையாவைப் பற்றிச் சொன்னவர் அதற்குப் பிறகு வந்த மெகஸ்தனீஸ். செல்யூகஸ் நிகேட்டரின் தூதராகச் சந்திரகுப்த மௌரியரின் பாடலிபுத்திரத்துக்கு வந்தவர், கி.மு. 300ஐ ஒட்டி. அவர் எழுதிய 'இண்டிகா' தொலைந்துபோய்விட்டது. டியோடோரஸ், ஸ்ட்ராபோ, பிளினி, அரியன் இவர்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்துப் போட்ட துண்டுகள்தான் மிச்சம். ஒரிஜினல் லெட்ஜர் எரிந்துபோய், கிளைகளுக்கு அனுப்பிய ஸ்டேட்மென்ட்டுகளை வைத்து ஆடிட் செய்வது மாதிரியான வேலை.

அரியன் எடுத்துக் கொடுக்கும் துண்டு இது. இந்திய ஹெர்குலிஸுக்கு ஏகப்பட்ட பையன்கள், ஒரே ஒரு பெண். அவள் பிறந்த நாட்டையே அவளுக்கு ஆளக் கொடுத்தான். கூடவே 500 யானை, 4000 குதிரை, 1,30,000 காலாள். பிளினி கி.பி. 77ல் கொடுக்கும் கணக்கு கொஞ்சம் வேறு: பெண்கள் ஆளும் பாண்டே என்ற இனம், 300 ஊர்கள், 1,50,000 காலாள், 500 யானை. டேலி பண்ணினால் யானை மட்டும் சரியாக நிற்கிறது. மற்றதெல்லாம் இடிக்கிறது. பொலியேனஸின் 365 கிராமமும் மெகஸ்தனீஸ் சரக்குதான் என்று அறிஞர்கள் அவர் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். மக்கிரிண்டில் 1877ல் மெகஸ்தனீஸ் துண்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது இதையும் போட்டார்.

(மகளுக்கு ஏற்ற மாப்பிள்ளை கிடைக்காமல் அவளுக்கு ஏழு வயதாகும்போது அப்பனே கட்டிக்கொண்டான் என்று ஒரு அசிங்கமும் அரியனிடம் இருக்கிறது. ஃபார்வேர்டு போடுகிறவர்கள் அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் கத்தரித்துவிடுகிறார்கள். அரியனே அதை நம்பாமல் கிண்டல் செய்கிறார்.)

இந்த ஹெர்குலிஸ் எந்த ஹெர்குலிஸ்? பேங்க் பாஷையில், கேஒய்சி சரியில்லை. ஒரே பெயரில் பல அக்கவுண்ட். சும்மா சொல்லவில்லை, ரோமாபுரி சிசெரோ உட்கார்ந்து எண்ணி ஆறு ஹெர்குலிஸ் என்று எழுதி வைத்திருக்கிறார். அதில் ஐந்தாவது ஆள் இந்தியாக்காரன்! மெகஸ்தனீஸ் தன் ஹெர்குலிஸுக்கு விலாசமும் கொடுக்கிறார். சூரசேனர்கள் அவனை விசேஷமாகக் கும்பிடுகிறார்கள், அவர்களுடைய ஊர் மெதோரா, பக்கத்தில் ஓடும் ஆறு ஐயோமனீஸ் என்று. மெதோரா மதுரா, ஐயோமனீஸ் யமுனை. அங்கே கும்பிட்டது யாரை என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? கண்ணனைத்தான் மெகஸ்தனீஸ் தனக்குத் தெரிந்த பெயரில் எழுதினார் என்பதுதான் பலரும் ஏற்கும் கருத்து. சிவன், இந்திரன் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்குக் கண்ணன் கட்சிதான் சரியாகப் படுகிறது.

அப்படி வைத்துக்கொண்டால் பாண்டையா யார் என்பது கொஞ்சம் புரிகிறது. வடக்கே மதுரா, தெற்கே மதுரை. வடக்கே பாண்டுவின் பிள்ளைகள், தெற்கே பாண்டியர். பாண்டு என்ற பெயரிலிருந்துதான் பாண்டியன் என்ற சொல் வந்தது என்று காத்யாயனர் இலக்கணமே எழுதியிருக்கிறார். தெற்கே கடலோரத்தில் ஒரு பெரிய ராஜ்ஜியம் இருக்கிறது, அவர்களும் நம் மதுரா வழி வந்தவர்கள்தான் என்று பாடலிபுத்திரத்தில் யாரோ பேசிக்கொண்டதைத் தூதர் காதில் வாங்கியிருக்கிறார் என்பது என் ஊகம். சொந்தம் என்பதை அவர் அப்பா, மகள் ஆக்கினாரா, சொன்னவர்களே அப்படிச் சொன்னார்களா, யார் கண்டது! பிளினியின் பாண்டே வடமேற்கில் இருந்த வேறு கூட்டம் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிளினி தரும் ஊர்ப் பட்டியலைப் பார்த்தால் அந்த வாதத்தில் ஞாயம் இருக்கிறது. ஆனால் தெற்கு, கடல், முத்து மூன்றையும் சேர்த்து வைத்தால் வடமேற்கு இடிக்கிறது.

மீனாட்சி விஷயத்துக்கும் வருகிறேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியனுக்கு யாகத்தீயில் வந்த மகள் தடாதகை. பையன் இல்லாத ராஜா மகளுக்கே முடிசூட்டுகிறான், அவள் படையோடு திக்விஜயம் போகிறாள். (தடாதகைக்கும் தடாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று எங்கள் குழுவில் ஒருத்தர் கேட்டார். இல்லை, தயவுசெய்து கிளப்பிவிடாதீர்கள் :-)) அப்பன் கையால் நாடு வாங்கி ஆண்ட பாண்டியப் பெண் என்ற கரு ரெண்டு கதையிலும் இருப்பது நிஜம். ஆனால் பரஞ்சோதி முனிவர் மெகஸ்தனீஸுக்கு ஏறக்குறைய 2000 வருஷம் பின்னால் வந்தவர். நடுவில் இத்தனை பெரிய பள்ளத்தை வைத்துக்கொண்டு அவள்தான் இவள் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது.

நான் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பது ரெண்டு சின்ன விஷயத்துக்கு.

ஒன்று, முத்து. உலகமெல்லாம் சுற்றி, நிலத்திலும் கடலிலும் இருந்த தீமைகளை ஒழித்த ஹெர்குலிஸ், கடலில் ஒரு புது நகையைக் கண்டானாம். மகளுக்குப் போட்டு அழகு பார்க்க எல்லாக் கடலிலிருந்தும் அதைச் சேர்த்தானாம். அதுதான் முத்து. சிப்பிகள் தேனீக் கூட்டம் மாதிரி ராஜாவோடு திரியும், ராஜாவைப் பிடித்தால் கூட்டமே வலையில் என்று மெகஸ்தனீஸ் அள்ளி விடுகிறார். ஆனால் அடுத்த வரியிலேயே, சதையை அழுகவிட்டு உள்ளே உள்ளதை எடுக்கிறார்கள் என்கிறார். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலம்வரை செய்தது அதைத்தான். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, அலசி, முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்தைக் கற்பனையில் கொண்டுவர முடியாது. யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவில் முத்துக்கு அதன் எடையைப் போல மூன்று மடங்கு சுத்தத் தங்கம் விலை என்று ரேட்டும் கொடுக்கிறார். கொற்கை முத்துக்குளிப்பைப் பாண்டியரின் கணக்கில் பெரிப்ளஸ் என்ற கடல்வழி நூல் எழுதியது கி.பி. முதல் நூற்றாண்டில்தான்.

நான் குப்பை கொட்டுவது பஹ்ரைனில். இதுவும் முத்தால் வாழ்ந்த தீவு. ஜப்பான்காரன் வளர்ப்பு முத்தும் உலக மந்தமும் சேர்ந்து 1930களில் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. கிரேக்கர்கள் இந்தத் தீவை டைலோஸ் என்றார்கள். பஹ்ரைன் கோட்டையில் டேனிஷ் அகழாய்வுக்காரர்கள் ஒரு பானை நிறைய வெள்ளிக்காசு எடுத்தார்கள். அலெக்சாண்டர் காசைப் பார்த்து இந்தப் பக்கத்து ஆட்கள் அடித்த காசுகள். ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்திய ஹெர்குலிஸ் தலை! ஹெர்குலிஸ் எந்த ஊருக்கும் நடந்து போகவில்லை சாமி, பணத்தில் ஏறித்தான் போனான். பாக்ட்ரியக் காசில் இருக்கிறான், குஷான ஹுவிஷ்கன் காசில் பெயரோடு இருக்கிறான், காந்தாரச் சிற்பத்தில் புத்தருக்குக் காவல் நிற்கும் வஜ்ரபாணியாக இருக்கிறான்.

ரெண்டாவது, ஆரம்பத்தில் சொன்ன அந்த முறை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை படித்திருப்பீர்கள். கோவலன் கொலையான அந்த நாள் காலையில், கண்ணகிக்கு இடம் கொடுத்த மாதரி தன் மகள் ஐயையைக் கூப்பிட்டு, அரண்மனைக்கு நெய் கொடுக்க இன்றைக்கு நம் வீட்டு முறை என்கிறாள். பாண்டியன் அரண்மனைக்கு ஆயர் வீடுகள் நாள் முறை வைத்து நெய் அளந்திருக்கிறார்கள். இந்த ஒற்றுமையை வரலாற்று ஆசிரியர்கள் எப்போதோ சுட்டிக்காட்டிவிட்டார்கள். சிலம்பு மெகஸ்தனீஸுக்குப் பல நூற்றாண்டு பின்னால்தான், ஒன்றை வைத்து மற்றதை நிரூபிக்க முடியாது. ஆனாலும் பாருங்கள், புராணக்கதை சொல்கிறவன் யானையைக் கூட்டுவான், குதிரையைக் கூட்டுவான். இன்றைக்கு யார் முறை, கட்டாதவனை யார் போய்க் கேட்பது என்ற விவரத்தை இட்டுக்கட்ட அவனுக்கு என்ன தேவை? அது கணக்குப்பிள்ளை புத்தி. தெற்கே வரி எப்படி வாங்குகிறார்கள் என்று தெரிந்த ஒருத்தன் வாயிலிருந்துதான் அது கிளம்பியிருக்கும்.

அவன் வடக்கே எந்த வழியாகப் போனான்?

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நாட்டுக்கு வடக்கே வேங்கடத்தை எல்லை வைக்கிறது. நம்ம திருப்பதி மலை. சங்கப் பாட்டில் வரும் தலைவன் அரக்கனைக் கொல்லக் கிளம்புகிறவன் இல்லை. பொருள் தேடப் போகிறவன். வேங்கடம் தாண்டினால் மொழி மாறிவிடும், வழியில் தண்ணீர் கிடையாது, ஆறலை கள்வர் பயம், வீட்டில் ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். விசா ஸ்டாம்பிங் ஒன்றுதான் இல்லை, மற்றபடி எல்லாம் நமக்குப் பழக்கம். அகநானூற்றில் இந்த வழியை அதிகம் பாடியவர் மாமூலனார். வேங்கடத்துக்குத் தலைவன் புல்லி என்று பெயரோடு சொல்கிறார். அதே மாமூலனார்தான் மோரியர் தேரைப் பற்றியும் பாடுகிறார், பாடலியில் நந்தர்கள் கங்கைக்கு அடியில் ஒளித்துவைத்த செல்வத்தைப் பற்றியும் பாடுகிறார்.

இதைத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பாடலிபுத்திரத்தில் உட்கார்ந்த கிரேக்கனுக்குப் பாண்டிய நாட்டு முத்தும் வரி முறையும் தெரிந்திருக்கிறது. தமிழ்ப் புலவனுக்குப் பாடலிபுத்திரத்துக் கஜானா ரகசியம் தெரிந்திருக்கிறது. ரெண்டு பேரும் சந்திக்கவில்லை. செய்தியைச் சுமந்தவர்கள் பெயர் இல்லாத வியாபாரிகள். வேங்கட மலைக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவே இருக்கிற எங்கள் சீமையைத் தாண்டாமல் அவர்களில் பலர் போயிருக்க முடியாது. தடாக்காரனைச் சென்னையில் ஆந்திராக்காரன் என்பார்கள், நெல்லூரில் அரவம் என்பார்கள். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு என்று வளர்ந்த எங்களுக்கு அது பெரிய குறையாகவே தெரிந்தது. மாமூலனார் காலத்திலேயே மொழி மாறும் இடம் இதுதான் என்று தெரிந்தபிறகு எனக்கு அந்த வருத்தம் போய்விட்டது.

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. மெகஸ்தனீஸுக்குச் சுமார் 40 வருஷம் கழித்து, கி.மு. 3ம் நூற்றாண்டின் நடுவில், அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். அதில் ஹெர்குலிஸும் இல்லை, மகளும் இல்லை. பக்கத்து நாடுகளின் பட்டியல், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பாண்டியர் பெயரைக் காதில் வாங்கி எழுதிய வெளிநாட்டுக்காரர் என்று பார்த்தால் நம் மெகஸ்தனீஸ்தான் கைக்கு வருகிறார், கண்ணனை ஹெர்குலிஸ் ஆக்கிய குழப்பத்தோடு சேர்த்து. ஃபார்வேர்டு போட்டவர் குழப்பத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டார். கப்ஸா என்றவர் குழப்பத்தோடு பெயரையும் சேர்த்துத் தூக்கி எறிந்தார்.

அசோகரின் அந்தக் கல்வெட்டு கர்னூல் பக்கம் எர்ரகுடியில் பாறை மேல் இருக்கிறது, பிராமி எழுத்தில். ஆந்திராவில் பிறந்து இத்தனை வருஷத்தில் நான் போய்ப் பார்த்ததில்லை. ஜனவரி லீவில் போகலாம் என்று இருக்கிறேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள், தடாவிலிருந்து வண்டி ஏற்பாடு செய்துவிடலாம்.